ரிலே டிரிப் ஆகியும் கேபிள் எரிந்தது ஏன்? கடலோர 22 கிலோவோல்ட் ஃபீடரைக் காப்பது பற்றி

வாலிநோக்கம் பக்கம் உப்பு சார்ந்த ஆலை ஒன்றில் மின்பிரிவைப் பார்க்கும் தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தின் 22 கிலோவோல்ட் சப்ளை. மெயின் விசிபி (வெற்றிட சர்க்யூட் பிரேக்கர்) பேனலிலிருந்து கடற்கரை பம்ப் ஹவுஸுக்கு 900 மீட்டர் நீளத்தில் மூன்று கோர், 95 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் எக்ஸ்எல்பிஇ (பிளாஸ்டிக் காப்பு) கேபிள். உப்பளப் பாத்திகளை ஒட்டிப் புதைத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. அந்த முனையில் 1000 கேவிஏ டிரான்ஸ்பார்மர். ஐப்பசியில் முதல் தூறல் விழுந்த அன்று எர்த் ஃபால்ட்டில் (ஃபேஸ் கரண்ட் பூமிக்குப் பாய்ந்ததில்) ரிலே பிரேக்கரைத் திறந்துவிட்டு டிரிப் ஆகியிருக்கிறது. ஷிப்டில் இருந்தவர் பிரேக்கரைப் போட்டுப் பார்த்தார், மறுபடி டிரிப். மூன்றாம் தடவை போட்டதும் பம்ப் ஹவுஸ் முனையில் டெர்மினேஷன் (கேபிளின் முனை இணைப்பு) வெடித்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கோரின் காப்புக்கு மேலும் சுற்றிய காப்பர் டேப் பல மீட்டருக்குக் கருகிக் கிடக்கிறது, ஆர்மர் (இரும்புக் கவசம்) துருப்பொடியாகக் கொட்டுகிறது, கண்டக்டர் மட்டும் நன்றாகவே இருக்கிறது.

"ரிலே ஒவ்வொரு தடவையும் சரியாக டிரிப் கொடுத்திருக்கிறது, பிறகு ஏன் கேபிள் போனது? செட்டிங்கை எங்கே வைப்பது? ஜெனரேட்டரில் ஓடும்போது இதே செட்டிங் போதுமா? மீதிக் கேபிளை ஜாயிண்ட் போட்டு ஓட்டலாமா?" இவைதான் கேள்விகள்.

வெடித்த நேரத்தில் பம்ப் ஹவுஸுக்குள் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதுதான் நிம்மதி. மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ரிலே கண்டக்டரைக் காப்பாற்றியது. கேபிளில் ஃபால்ட் கரண்ட் போவதற்கு ஒரு வழியும் திரும்பி வருவதற்கு ஒரு வழியும் உண்டு. போகும் வழி 95 ஸ்கொயர் எம்எம் அலுமினியம். திரும்பும் வழி, காகிதத் தடிமனில் சுற்றிய காப்பர் டேப்பும் மேலே உள்ள இரும்பு ஆர்மரும். ஃபீடர் பாதுகாப்பு என்று பேசும்போது எல்லோரும் கணக்குப் போடுவது போகும் வழிக்கு மட்டும். ராமநாதபுரம் கடலோரத்தில் உப்பு முதலில் தின்பது திரும்பும் வழியை.

கணக்கைப் பார்த்தால் தெளிவாகிவிடும். எக்ஸ்எல்பிஇ கேபிள் நிரந்தரமாக 90 டிகிரி வரைக்கும், ஷார்ட் சர்க்யூட்டின்போது சில நொடிகளுக்கு 250 டிகிரி வரைக்கும் தாங்கும். இந்த இரண்டு வெப்பநிலைக்கும் நடுவில், அலுமினியம் கண்டக்டருக்கு ஒரு ஸ்கொயர் எம்எம்முக்கு ஒரு நொடிக்கு 94 ஆம்பியர் என்பது கணக்கு. 95 ஸ்கொயர் எம்எம்முக்குப் பெருக்கினால் ஒரு நொடிக்கு சுமார் 8.9 கிலோ ஆம்பியர். உங்கள் பேனலில் ஒரு ஃபேஸ் எர்த் ஃபால்ட் 3 கிலோ ஆம்பியர் அளவில் வரும் என்று துணைமின் நிலையத்தில் வாங்கிய கணக்கை எழுதியிருக்கிறீர்கள். சூடு கரண்டின் வர்க்கத்தையும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. 8.9-ஐ 8.9-ஆல் பெருக்கினால், கண்டக்டர் தாங்குவது 79 அளவு. ஒரு நொடி நீடிக்கும் 3 கிலோ ஆம்பியர் ஃபால்ட் கொடுப்பது 9 அளவு. ஒன்பதில் ஒரு பங்கு சுமைதான் அதற்கு. அதனால்தான் கண்டக்டர் பளபளவென்று இருக்கிறது.

இப்போது டேப்பைப் பாருங்கள். 22 கிலோவோல்ட் கேபிளில் ஒரு கோரின் காப்புக்கு மேல் விட்டம் 25 எம்எம் அளவில் இருக்கும். 0.1 எம்எம் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி சுற்றியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது ஏறிய இடங்களில் செம்பும் செம்பும் நன்றாகத் தொட்டுக்கொள்வதால் அது ஒரு குழாய் மாதிரி நடந்துகொள்ளும். பரப்பு சுமார் 8 ஸ்கொயர் எம்எம். மூன்று கோரின் டேப்புகளும் உள்ளே ஒன்றோடொன்று தொடுவதால் மொத்தம் 24. செம்புக்கு ஒரு நொடிக்கு 140 ஆம்பியர் வைத்தால் 3.4 கிலோ ஆம்பியர் வருகிறது. சூட்டுக் கணக்கில் 11. ஃபால்ட்டின் 9-க்கு எதிராக 11. தாங்கிவிடும், ஆனால் மயிரிழை. ஆர்மரும் சேர்ந்து பங்கு போடுவதால் புதுக் கேபிளுக்குக் கவலையில்லை. போட்ட வருடம் இந்தக் கணக்கை யாராவது சரிபார்த்திருந்தால் "சரி" என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அதில் தப்பும் இல்லை.

உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிய பிறகு கதை வேறு. டேப் ஏறியிருக்கும் அந்த விளிம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அதோடு குழாய் குழாயாக இருப்பது நின்றுபோகிறது. கரண்ட் நேராக ஓட முடியாமல் டேப்பின் சுற்றைப் பிடித்துக்கொண்டே சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். 30 எம்எம் அகலம், 0.1 எம்எம் தடிமன் என்றால் ஒரு கோருக்கு மிஞ்சுவது 3 ஸ்கொயர் எம்எம். பாதையும் மூன்று மடங்கு நீளமாகிவிடும். மூன்று கோரும் சேர்ந்து 9 ஸ்கொயர் எம்எம், ஒரு நொடிக்கு 1.3 கிலோ ஆம்பியர்கூட இல்லை. சூட்டுக் கணக்கில் 1.6. அதன்மேல் 9 ஏற்றினால் என்ன ஆகும்? நீங்கள் பார்த்ததுதான் ஆகும். ஆர்மர் துருவாகிவிட்டதால் பங்குக்கு வரவும் ஆளில்லை. இது தோராயக் கணக்குதான். மண் வழியாகவும் ஒரு பங்கு திரும்பும், டேப்பின் எதிர்ப்பு கூடும்போது ஃபால்ட் கரண்டும் கொஞ்சம் குறையும். ஆனால் ஐந்து மடங்குக்கு மேலான இடைவெளியை அதெல்லாம் அடைத்துவிடாது.

இந்தக் கரையின் அரிப்பைப் பற்றி நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்), உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அரிப்பைச் சோதிக்க நிலையம் வைத்திருப்பது நம் மண்டபத்தில். பழைய பாம்பன் பாலத்தின் இரும்பை 1914 முதல் எத்தனை தடவை சொரண்டிப் பெயிண்ட் அடித்திருப்பார்கள் என்று ரயில்வேக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். வெளியில் தெரியும் இரும்புக்கே அந்தப் பாடு. உப்பளக் கரையில் ஒரு மீட்டர் ஆழத்தில், வெளி உறையில் மண்வெட்டி பட்ட ஒரு கீறல் வழியே ஊறும் தண்ணீரில் கிடக்கும் ஆர்மரை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

சரி, ஒரு நொடி என்று எங்கிருந்து எடுத்தேன்? உங்கள் செட்டிங்கிலிருந்துதான். சிடி (கரண்டைக் குறைத்து ரிலேக்குக் காட்டும் டிரான்ஸ்பார்மர்) 100/1, எர்த் ஃபால்ட் 20 சதவீதம், நார்மல் இன்வெர்ஸ் வளைவு (கரண்ட் கூடக் கூட நேரம் குறையும்), அந்த நேரத்தைப் பெருக்கும் டைம் மல்டிப்ளையர் 0.4, தாமதமில்லாமல் எடுக்கும் இன்ஸ்டன்டேனியஸ் ஆஃப். பிக்கப் (ரிலே வேலை தொடங்கும் அளவு) 20 ஆம்பியர், ஃபால்ட் 3000 ஆம்பியர். கரண்ட் எத்தனை மடங்கு கூடினாலும் இந்த வளைவு 20 மடங்குக்கு மேல் படுத்துவிடும்படி பல ரிலேக்களை அமைத்திருப்பார்கள். அந்த இடத்தில் 2.27 நொடி, அதை 0.4-ஆல் பெருக்கினால் 0.9 நொடி. பிரேக்கர் திறக்க இன்னும் 0.06. ஆக ஒரு நொடிக்குப் பக்கம். ரிலே "சரியாக" டிரிப் கொடுத்தது என்பது உண்மை. அந்தச் "சரி"யை யாருக்காக வைத்தார்கள் என்பதுதான் பிரச்சினை. கீழே இருப்பவர் முதலில் எடுக்கட்டும், நாம் பொறுத்து எடுப்போம் என்ற பழக்கத்தில் வைத்த 0.4 அது.

ஆனால் உங்கள் ஃபீடருக்குக் கீழே காத்திருக்க வேண்டிய ஆள் யாரும் இல்லை. கேபிள் நேராக ஒரே ஒரு டிரான்ஸ்பார்மரில் போய் முடிகிறது. அந்த டிரான்ஸ்பார்மர் டெல்டா–ஸ்டார். எல்டி (குறைந்த மின்னழுத்த) பக்கம் எர்த் ஃபால்ட் வந்தால் அது டெல்டாவைத் தாண்டி 22 கிலோவோல்ட் பக்கத்தில் எர்த் கரண்டாகத் தெரியவே தெரியாது. அப்படியென்றால் உங்கள் பேனலில் எர்த் ஃபால்ட் ரிலே எதையாவது பார்த்தால், அது கேபிளிலோ டெர்மினேஷனிலோ டிரான்ஸ்பார்மரின் எச்டி (22 கிலோவோல்ட்) சுற்றிலோ நடக்கும் ஃபால்ட் மட்டும்தான். எதற்காகக் காத்திருக்க வேண்டும்? உடனே எடுக்கலாம். இந்த வசதி டிரான்ஸ்பார்மரில் முடியும் ஒவ்வொரு ஃபீடரிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் எத்தனையோ ஆலைகளில் இன்ஸ்டன்டேனியஸை ஆஃப் செய்தே வைத்திருக்கிறார்கள். முதல் நாள் டிரான்ஸ்பார்மரைச் சார்ஜ் செய்தபோது ஒரு தடவை வீணாக டிரிப் ஆகியிருக்கும், அன்றைக்கு ஆஃப் செய்தது அப்படியே நின்றுபோகும்.

நான் வைக்கச் சொல்வது இரண்டு படி. மூன்று ஃபேஸ் சிடிகளின் கூட்டுக் கரண்டில், 100 ஆம்பியரில், நேரத் தாமதம் இல்லாத எர்த் ஃபால்ட் ஒன்று. ரிலேயும் பிரேக்கரும் சேர்ந்து 0.1 நொடியில் முடித்துவிடும். 3 கிலோ ஆம்பியருக்கு 0.1 நொடி என்றால் சூட்டுக் கணக்கு 0.9. களிம்பு பிடித்த பழைய டேப்பின் 1.6-க்குள் அடங்கிவிட்டது. அதே கேபிள், அதே துரு, அதே மழை. நேரம் மட்டும் மாறியிருந்தால் முதல் டிரிப்போடு ஒரு டெர்மினேஷன் செலவில் வேலை முடிந்திருக்கும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு எண்களையும் எழுதினேன்.

இரண்டாவது படி, மூன்று கோரையும் சேர்த்துக் கேபிளைச் சுற்றிப் போடும் வளைய சிடியான சிபிசிடி. 8 முதல் 10 ஆம்பியரில், 0.1 நொடித் தாமதத்தோடு. ஈரத்தில் மெல்லத் தொடங்கும் கசிவை, பெரிய ஃபால்ட்டாக வளரும் முன்னே இது பிடிக்கும். கேபிளுக்கே உரிய கெப்பாசிட்டர் கரண்ட் ஒன்று உண்டு. வேறு எங்கோ எர்த் ஃபால்ட் நடக்கும்போது 900 மீட்டருக்கு அது 2 ஆம்பியர் அளவில் இந்தச் சிபிசிடி வழியே ஓடும், அதனால் அதற்குக் கீழே செட்டிங் இறங்கக் கூடாது.

சிபிசிடி போட்ட இடத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு குறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பேனலுக்குள் கேபிள் கீழிருந்து ஏறுகிறது. சிபிசிடி வளையம் கேபிளைச் சுற்றிக் கீழே இருக்கிறது. டெர்மினேஷன் அதற்கு மேலே. டெர்மினேஷனில் டேப்பையும் ஆர்மரையும் சேர்த்து வரும் எர்த் பின்னலை, பக்கத்திலேயே இருக்கும் எர்த் பாரில் முறுக்கிவிடுவார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் கேபிளுக்குள் ஃபால்ட் வந்தால், கண்டக்டரில் மேலிருந்து கீழே போகும் கரண்ட், டேப் வழியே கீழிருந்து மேலே திரும்பி அதே வளையத்துக்குள் வருகிறது. இரண்டும் கழிந்து வளையத்துக்குப் பூஜ்யம். ரிலே தூங்கும். அந்தப் பின்னலை மறுபடி கீழே இறக்கி வளையத்துக்குள் விட்டு, அதற்குக் கீழே கொண்டுபோய்த்தான் எர்த் செய்ய வேண்டும். அப்போது திரும்பி வரும் கரண்ட் வளையத்தை ஏறிக் கடந்து, இறங்கியும் கடக்கிறது. அது தனக்குத் தானே கழிந்துவிட, கண்டக்டர் கரண்ட் மட்டும் மிஞ்சும். பின்னலின் மேல் காப்பு உறை இருக்க வேண்டும், கிளாண்டு தட்டில் ஆர்மர் தற்செயலாகத் தொட்டு எர்த் ஆகிவிடக் கூடாது. அடுத்த ஷட்டவுனில் டார்ச் அடித்து இதை முதலில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஃபேஸ் ஓவர்கரண்ட் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1000 கேவிஏவுக்கு 22 கிலோவோல்ட்டில் முழுச் சுமை 26 ஆம்பியர். கேபிள் அதைப் போலப் பல மடங்கு தாங்கும், ஓவர்லோடு பயம் இல்லை. டிரான்ஸ்பார்மரின் இம்பிடன்ஸ் (உள் மறிப்பு) 5 சதவீதம் என்றால் எல்டி ஃபால்ட் இந்தப் பக்கம் 525 ஆம்பியராகத் தெரியும். சார்ஜ் செய்யும்போது பாயும் இன்ரஷ் 8 முதல் 12 மடங்கு, அதாவது 300 ஆம்பியர் வரை. இன்ஸ்டன்டேனியஸை 700 ஆம்பியரில் வைத்தால் இரண்டுக்கும் எடுக்காது, கேபிளில் எங்கே ஷார்ட் ஆனாலும் எடுக்கும். ஐடிஎம்டியை (வளைவுப்படி தாமதித்து எடுக்கும் பகுதியை) 40 ஆம்பியர் பிக்கப்பில், எல்டி பிரேக்கருக்குப் பின்னால் எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பம்ப் ஹவுஸில் ஒரு 22 கிலோவோல்ட் பேனல் வைத்து அங்கிருந்து இன்னும் இரண்டு டிரான்ஸ்பார்மருக்குப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால், இந்த "உடனே எடு" வசதி போய்விடும். அப்போது இரு முனையின் கரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் லைன் டிஃபரன்ஷியல் ரிலேயை ஃபைபர் வழி போடுங்கள், நேரத்தைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள்.

சிடி பற்றி ஒரு வார்த்தை. சுமை 26 ஆம்பியர்தானே என்று 30/5 சிடியைப் பாதுகாப்புக்கும் போட்ட பேனல்கள் நிறைய உண்டு. 3 கிலோ ஆம்பியர் என்பது அதற்கு நூறு மடங்கு. கோர் நிறைந்துபோய், ரிலேக்குப் போக வேண்டிய கரண்ட் உருக்குலைந்துவிடும். சிடியே வெந்துவிடவும் வாய்ப்பு உண்டு. உங்கள் 100/1 நல்ல தேர்வு. அது 5பி20 வகைதானா (20 மடங்கு கரண்ட் வரை 5 சதவீதப் பிழைக்குள் நிற்பதா) என்று பெயர்த்தகட்டில் பாருங்கள்.

அடுத்து, போட்டுப் பார்ப்பது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. மேலே போகும் லைனில் பனை மட்டை விழுந்து டிரிப் ஆகும், மட்டை கீழே விழுந்ததும் ஃபால்ட் போய்விடும், திரும்பப் போட்டால் நிற்கும். மின்வாரியம் அப்படிச் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. கேபிளுக்குள் எந்த மட்டையும் விழுவதில்லை. அங்கே ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். ஒவ்வொரு தடவை போடும்போதும் அதே ஓட்டைக்குள் அதே 3 கிலோ ஆம்பியர். காப்புக்கும் உறைக்கும் நடுவில் புதைந்து கிடக்கும் டேப் ஆற நிமிடக்கணக்காகும், அதற்குள் அடுத்த சூடு வந்து சேர்கிறது. ஷிப்டில் இருந்தவரைக் குறை சொல்லவில்லை. பம்ப் நின்றால் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது, மேலிருந்து போன் மேல் போன் வந்திருக்கும். போட முடியாதபடி பேனலை அமைப்பது நம் பொறுப்பு. கேபிள் ஃபீடரின் எர்த் ஃபால்ட்டும் இன்ஸ்டன்டேனியஸும் மாஸ்டர் டிரிப் ரிலே (ரீசெட் செய்யும்வரை பிரேக்கரைப் போடவிடாதது) வழியே போகட்டும். அதைக் கையால் ரீசெட் செய்யும் சாவி பொறுப்பாளரிடம் இருக்கட்டும். மெக்கரால் காப்பின் எதிர்ப்பை அளந்து எழுதிவைக்காமல் சாவி திரும்பக் கூடாது. அந்தப் பேனலுக்கு முன்னால் நிற்பவரும், மறுமுனையில் பம்புக்குப் பக்கத்தில் நிற்பவரும் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஜெனரேட்டர் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கேள்விகளிலேயே ஆபத்தானது இதுதான். கரண்ட் போனால் எல்டி ஜெனரேட்டரிலிருந்து மெயின் டிரான்ஸ்பார்மரைத் தலைகீழாகச் சார்ஜ் செய்து, 22 கிலோவோல்ட் ஆக்கிப் பம்ப் ஹவுஸுக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். மின்வாரிய சப்ளையில் ஓடும்போது 22 கிலோவோல்ட்டின் நியூட்ரல் துணைமின் நிலையத்தில் நேராக எர்த் ஆகியிருக்கிறது. அதனால்தான் எர்த் ஃபால்ட்டில் 3 கிலோ ஆம்பியர் ஓடுகிறது. ஜெனரேட்டரில் ஓடும்போது மின்வாரியம் துண்டிக்கப்பட்டுவிடுகிறது. உங்கள் டிரான்ஸ்பார்மரின் 22 கிலோவோல்ட் பக்கம் டெல்டா, அதில் நியூட்ரலே இல்லை. அந்த நேரத்தில் உங்கள் 22 கிலோவோல்ட் முழுக்க எர்த்தோடு தொடர்பில்லாத அமைப்பு.

இப்போது ஒரு ஃபேஸ் எர்த் ஆனால், ஓடுவது கேபிளின் கெப்பாசிட்டர் கரண்டான அந்த 2 ஆம்பியர் மட்டும். எந்த எர்த் ஃபால்ட் ரிலேயும் எடுக்காது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். உள்ளே, நல்ல இரண்டு ஃபேஸும் எர்த்துக்கு 12.7 கிலோவோல்ட் இருந்த இடத்தில் 22 கிலோவோல்ட்டுக்கு ஏறி நிற்கும். உங்கள் கேபிள் 12.7/22 தரம், எர்த் செய்த அமைப்புக்கு வாங்கியது. அந்தக் கூடுதல் அழுத்தத்தில் மணிக்கணக்காக நிற்க அதற்கு உரிமம் இல்லை. அதோடு ஃபால்ட் இடத்தில் பொறி பற்றி அணைந்து பற்றும்போது வோல்டேஜ் இன்னும் துள்ளும். இப்படிச் சில இரவுகள் ஓடியிருந்தால், அன்றைய மழைக்கு முன்பே காப்பு பாதி களைத்திருக்கலாம்.

இதற்கு ஓவர்கரண்ட் ரிலேயில் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை. 22 கிலோவோல்ட் பஸ்ஸில் மூன்று தனித்தனி ஒற்றை ஃபேஸ் பிடி (வோல்டேஜ் அளக்கும் டிரான்ஸ்பார்மர்) வைத்து, செகண்டரியைத் திறந்த டெல்டாவாக இணைத்து, நியூட்ரல் வோல்டேஜ் ரிலே போடுங்கள். எர்த் ஃபால்ட் வந்தால் அது வோல்டேஜாகப் பார்க்கும். இல்லையென்றால் ஜெனரேட்டர் ஓட்டத்துக்கு மட்டும் இணையும் எர்த்திங் டிரான்ஸ்பார்மர் ஒன்று வைக்கலாம், செலவு கூடும். ஃபேஸ் ஷார்ட்டுக்கும் தனி செட்டிங் தொகுப்பு வேண்டும். ஜெனரேட்டர் தொடர்ந்து கொடுக்கும் ஷார்ட் சர்க்யூட் கரண்ட், நல்ல எக்சைடேஷன் இருந்தால் முழுச் சுமையைப் போல மூன்று மடங்கு அளவில், அது இல்லையென்றால் அதற்கும் கீழே இறங்கிவிடும். 700 ஆம்பியர் இன்ஸ்டன்டேனியஸ் அப்போது எடுக்கவே எடுக்காது. நியூமெரிக்கல் ரிலே என்றால் இரண்டாவது செட்டிங் தொகுப்பு உள்ளேயே இருக்கும், ஜெனரேட்டர் பிரேக்கரின் ஆக்சிலரி கான்டாக்டால் அது தானே மாறும்படி செய்யுங்கள். ஆள் நினைவு வைத்து மாற்றும் ஏற்பாடு வேண்டாம்.

டெர்மினேஷன் ஏன் முதல் தூறலில் போனது? ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கடலைக் கலக்கி, உப்புத் துளியைக் கரையெங்கும் தூவுகிறது. அந்த மாதங்களில் நம் பக்கம் மழை கிடையாது, கழுவ ஆளில்லை. புரட்டாசிக்குள் டெர்மினேஷன் மேல் ஒரு பூச்சே படிந்திருக்கும். காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது. பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். விடிகாலைப் பனியும் முதல் தூறலும்தான் அதை நனைத்துவிட்டு, கழுவாமல் விட்டுவிடுகின்றன. எனவே புரட்டாசியில் ஒரு நாள் ஷட்டவுன் எடுத்து, எர்த் செய்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். மிகக் கடுமையான மாசுள்ள இடத்துக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 எம்எம் தவழ்தூரம் (காப்பின் மேற்பரப்பு வழியே அளக்கும் நீளம்) என்பது பழக்கத்தில் உள்ள அளவு. 24 கிலோவோல்ட் அதிகபட்சத்துக்கு 744 எம்எம். கிட் வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். கேபிள் பெட்டிக்குள் ஹீட்டர் எரிகிறதா என்றும் பாருங்கள், பல இடங்களில் ஃபியூஸ் போய் வருடக்கணக்காக அணைந்தே கிடக்கும். மின்வாரியக் கம்பத்திலிருந்து கேபிள் இறங்கும் இடத்தில் இடிதாங்கியின் எர்த்தும் கேபிள் ஸ்கிரீனின் எர்த்தும் நேராக, குட்டையாக இணைந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் வயர் நீண்டாலும் இடி அலையின்போது கூடுதலாகக் கிலோவோல்ட் கணக்கில் கேபிளின் தலையில் ஏறும்.

கடைசியாக ஜாயிண்ட். மீதிக் கேபிள் பிழைக்குமா என்பதை டேப்பே சொல்லும். இரண்டு முனையிலும் ஆர்மரைப் பிரித்துவிட்டு, தூர முனையில் ஒரு கண்டக்டரையும் மூன்று டேப்புகளையும் சேர்த்துக் கட்டி, இந்த முனையில் மில்லி ஓம் மீட்டரால் அளந்து பாருங்கள். 900 மீட்டர் கண்டக்டருக்கு சுமார் 0.29 ஓம். டேப் குழாயாகவே இருந்தால் 0.65 ஓம் அளவில். இரண்டும் சேர்ந்து ஒரு ஓமுக்குள் வந்தால் டேப் ஆரோக்கியம். 2, 3 என்று ஏறினால் உள்ளே நெடுகக் களிம்பு. பிறகு வெளி உறைக்கு: ஆர்மருக்கும் மண்ணுக்கும் நடுவில் 5 கிலோவோல்ட் மெக்கர் வைத்தால் எங்காவது கிழிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். மையக் காப்புக்கு விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண் ஏசி) சோதனை, 0.1 ஹெர்ட்ஸில். பழைய கேபிளுக்கு எர்த் வோல்டேஜைப் போல இரண்டு மடங்கு, அதாவது 25 கிலோவோல்ட் பக்கம் போதும். டிசி ஹைபாட் (உயர் டிசி வோல்டேஜ் ஏற்றிப் பார்க்கும் சோதனை) மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் மரம் (ஈரத்தால் காப்புக்குள் மரக்கிளை போலப் பரவும் சிதைவு) பிடித்த பழைய எக்ஸ்எல்பிஇயில் அது மின்னூட்டத்தைத் தேக்கிவைத்து, சோதனையில் தேறிய கேபிளை ஓட்டத்தில் கொன்றுவிடும்.

மூன்றும் தேறினால், டேப் செம்பு நிறத்தில் பளிச்சென்று தெரியும் இடம் வரைக்கும் வெட்டிக்கொண்டே போய் அங்கே ஜாயிண்ட் போடுங்கள். கிட்டோடு வரும் எர்த் பின்னல் மெல்லியதாக இருந்தால் கூடுதலாக ஒன்று சேருங்கள். திரும்பும் வழி ஜாயிண்ட்டில் ஒடுங்கினால் அடுத்த ஃபால்ட் அங்கேதான் எரிக்கும். ஜாயிண்ட் குழியைப் பாத்தியின் பள்ளத்தில் வைக்காமல் கரை மேட்டில் வையுங்கள்.

டேப் சோதனையில் தேறாவிட்டால் ஜாயிண்ட் கிட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது டேப்புக்குப் பதில் கோருக்கு 25 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் ஸ்கிரீன் கேளுங்கள், மூன்றும் சேர்ந்து ஒரு நொடிக்கு 10 கிலோ ஆம்பியர் தாங்கும். தண்ணீர் பட்டால் உப்பி அடைக்கும் டேப், அதன்மேல் அலுமினியத் தகடு ஒட்டிய ஈரத்தடுப்பு, வெளியே எச்டிபிஇ உறை. 22 கிலோவோல்ட்டுக்கு ஐஎஸ் 1255 சொல்லும் ஆழம் 1.05 மீட்டர். உங்கள் இடத்தில் அந்த ஆழத்தில் உப்புத் தண்ணீர் நிற்கும், அதனால் பாத்தி ஓரத்தை விட்டுவிட்டு வண்டிப்பாதைக் கரைக்குள் வழியை மாற்றுங்கள். அதே பள்ளத்தில் கேபிளை ஒட்டியே, பிவிசி உறையிட்ட 95 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் எர்த் வயர் ஒன்றையும் இழுத்து இரு முனையிலும் எர்த் பாரில் கட்டுங்கள். செம்பு போட்டால் தோண்டி எடுத்துப் போய்விடுவார்கள், அலுமினியம் போதும்.

இதற்கெல்லாம் பட்ஜெட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எர்த் ஃபால்ட் இன்ஸ்டன்டேனியஸை ஆன் செய்வது இன்றைக்கே ஆகிற வேலை. மெயின் இன்கமரின் எர்த் ஃபால்ட் நேரம் அதற்கு 0.25 நொடியாவது பின்னால் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்திடம் மூன்று ஃபேஸ் ஃபால்ட் அளவையும் எழுத்தில் வாங்கி அனுப்பினால், 700 ஆம்பியர் சரிதானா என்று மறுபடி கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.